திரும்பி வந்தவருக்கு நடுகல் இல்லை

நவம்பர் மாதம் மரித்தோரை நினைக்கும் மாதம். கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றி, நம்மை விட்டுப் பிரிந்தோருக்காக மன்றாடுகிறோம். இதே மாதத்தில் வேறொரு கூட்டமும் வங்கி வாசலிலும் அலுவலக வாசலிலும் வரிசையில் நிற்பதை நம் குடும்பங்கள் கண்டிருக்கும். ஓய்வூதியம் பெறும் முதியோர், தாம் இன்னும் உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்க ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். பெரும்பாலோர் அதனை நவம்பரில்தான் அளிக்கின்றனர். அவ்வரிசையில் நிமிர்ந்த முதுகும் ஒட்ட வெட்டிய தலைமுடியுமாகச் சிலர் நிற்பார்கள். ஊரார் அவர்களைப் 'பட்டாளத்துக்காரர்' என்பர். அவர்களைப் பற்றி இம்மாதம் நம் வாசகர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

பட்டாளம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் பாழடைந்து நிற்கும் புனித டேவிட் கோட்டையில்தான் 1748-ஆம் ஆண்டு ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தளபதி வந்து, கம்பெனியாரின் சிதறிய காவலர்களை ஒழுங்கான படையாக்கும் பணியைத் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1758-இல், சென்னை மாகாணத்தின் முதல் காலாட்படைப் பட்டாலியன்கள் அமைந்தன. இன்று நீலகிரியின் வெலிங்டனில் பயிற்சி மையம் கொண்டுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் அவற்றின் வழிவந்ததே. ஆகவே, நெல்லிக்குப்பத்திலிருந்தோ நெய்வேலியிலிருந்தோ ஓர் இளைஞன் படையில் சேரப் புறப்படும்போது, ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டுப் பழைமையுள்ள ஒரு பாதையிலேயே அடி வைக்கிறான்.

அப்பாதையில் சென்றவர்களை நாம் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறோம்? வேலூர் நகரின் மணிக்கூண்டில் ஒரு கல் பதிக்கப்பட்டுள்ளது. முதல் உலகப் போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அக்கல் கூறுகிறது. படிப்போர் உள்ளம் அந்தப் பதினால்வருக்காக உருகும், உருகவும் வேண்டும். ஆனால் கழித்தல் கணக்கு அறிந்த பள்ளிச் சிறுவனும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று அங்கே எஞ்சி நிற்கிறது. மற்ற 263 பேர் என்ன ஆனார்கள்? அவர்கள் திரும்பி வந்தார்கள் என்பதற்கு மேல் அக்கல்லிடம் விடை இல்லை.

இது வேலூருக்கு மட்டும் உரிய குறையன்று. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எழுப்புவது தமிழரின் தொன்மையான மரபு. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் இன்றும் அம்மரபுக்குச் சான்று பகர்கின்றன. வீழ்ந்தவனை மறவாதிருக்க இத்தனை சடங்குகளை வகுத்த நாம், குருதி தோய்ந்த கைகளோடு உயிருடன் வீடு திரும்பியவனுக்கு ஒன்றையும் வகுக்கவில்லை. அவன் திண்ணையில் அமர்ந்து நீர் அருந்தினான். மறுநாள் வயலுக்குச் சென்றான். அவன் கண்டதையும் செய்ததையும் யாரும் கேட்கவில்லை.

அவ்வாறு திரும்பி வந்தோருள் ஒரு சாராரைப் பற்றியே இங்கே சிறப்பாகக் கூற முற்படுகிறோம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் பணியாற்றிய இந்திய அமைதி காக்கும் படையைச் சேர்ந்த சாதாரணக் காலாட்படை வீரர்களே அவர்கள்.

1987 ஜூலை 29 அன்று பாரதப் பிரதமர் இராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மறுநாளே நம் படையினர் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் பலாலி விமானத் தளத்தில் இறங்கத் தொடங்கினர். அவர்களுக்கு அங்குள்ள தமிழ் மக்கள் மாலையிட்டனர். போராளிகளிடமிருந்து ஆயுதங்களைப் பெறுவதும், அமைதியைக் காப்பதும், சில திங்களில் வீடு திரும்புவதுமே தங்கள் பணி என்று வீரர்கள் எண்ணினர். பத்து வாரங்கள் கூடச் செல்லவில்லை. ஒப்பந்தம் முறிந்தது. அக்டோபர் 10 அன்று விடுதலைப் புலிகளுக்கு எதிரான இராணுவ நடவடிக்கை தொடங்கியது. மாலையிட்ட ஊரிலேயே மதிலுக்குப் பின்னிருந்து துப்பாக்கி வெடித்தது. நடந்த பாதையிலேயே கண்ணிவெடி சிதறியது.

அடுத்த இரு வாரங்கள் யாழ்ப்பாணம் கண்ட துயரை எழுதக் கை நடுங்குகிறது. மக்கள் வீடுகளை விட்டு நல்லூர்க் கந்தசாமி கோயிலிலும் பள்ளிகளிலும் நம் ஆலயங்களிலும் ஆயிரம் ஆயிரமாய்த் தஞ்சம் புகுந்தனர். அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் பணியாளருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் நம் படையினரின் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். நம் நாட்டுப் படை என்பதற்காக இதனை மறைப்பது கிறிஸ்தவ அறமாகாது. அதே வேளையில், பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் விமானத்திலிருந்து இறக்கப்பட்ட முப்பது சீக்கிய வீரர்களுள் ஒருவர் நீங்கலாக அனைவரும் மடிந்ததையும் நாம் மறத்தலாகாது. தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டேந்தி வீழ்ந்தார். மறைவுக்குப் பின் அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. 1990 மார்ச் 24 அன்று கடைசி வீரன் திருகோணமலையை விட்டுக் கப்பல் ஏறும்வரை ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் உயிர் நீத்தனர்.

இறந்தோரைப் பற்றி இவ்வளவு. இனித் திரும்பியோரைப் பற்றிக் கூறுவோம்.

நம் பங்கு மக்களுள் ஒருவர் அப்படையில் இருந்தவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுத இசைவு தந்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று இது. பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து, பல மாலைகளில் சிறிது சிறிதாக அவர் கூறியது. பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தார். இலங்கைக்குச் சென்றபோது இருபத்து மூன்று வயது. அவர் சேர்ந்திருந்த பிரிவில் வடநாட்டினரே மிகுதி. தமிழ் அறிந்தவர் என்பதால் சோதனைச் சாவடியில் மொழிபெயர்ப்பாளராக அவரை நிறுத்தினர். அதிகாரி இந்தியில் கேட்பார்; இவர் தமிழில் கேட்பார்; வந்தவர் தமிழில் கூறுவதை இவர் இந்தியில் கூறுவார். ஐயத்துக்கு உரியவர் எவர், வீடு போகலாம் என்று விடத்தக்கவர் எவர் என்பதெல்லாம் இந்த இளைஞரின் வாய்ச்சொல்லைப் பற்றி நின்றது.

ஒரு நாள் சாக்குப் பையோடு வந்த மூதாட்டி ஒருவர், இவருடைய பேச்சைக் கேட்டதும் நின்றுவிட்டார். "தம்பி, நீயும் தமிழ்ப் பிள்ளையோ?" என்றார். ஆம் என்றார் இவர். "அப்ப ஏன் மோனை, எங்களுக்கு எதிரா துவக்கோட நிக்கிறாய்?" என்றார் அம்மூதாட்டி. அங்கே துப்பாக்கியைத் 'துவக்கு' என்பார்கள் என்று நம்மிடம் விளக்கிய அவர், சிறிது நேரம் பேசாதிருந்தார். அன்று அக்கேள்விக்கு விடை கூறவில்லையாம். அருகில் நின்ற அதிகாரி, கிழவி என்ன சொல்கிறாள் என்று வினவியபோது, அரிசி வாங்கச் செல்வதாகக் கூறுகிறாள் என்று மொழிபெயர்த்தாராம்.

மற்றொரு மாலையில் இன்னொன்று சொன்னார். ஊரடங்கு வேளையில் ஓர் ஆலயத்தின் வெளிமதிலருகே காவல் நின்றிருக்கிறார். உள்ளே தஞ்சம் புகுந்த குடும்பங்கள் இருளில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். தம் தாய் ஒவ்வோர் இரவும் சொன்ன அதே சொற்கள், அதே தமிழ். தம்மையும் அறியாமல் வாய் அதனைச் சேர்ந்து சொல்லத் தொடங்கியதாம். உடனே நிறுத்திக்கொண்டாராம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். "உள்ளே இருப்பவர்கள் என்னிடமிருந்து காப்பாற்றச் சொல்லித்தானே சாமி வேண்டுகிறார்கள்?" என்றார்.

கண்ணிவெடியில் கால் இழந்த ஒரு தோழனைத் தோளில் சுமந்து வந்ததும் உண்டு. அத்தோழன் குமாவூன் மலைநாட்டான்; வழியிலேயே உயிர் பிரிந்தது. இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை இந்தி மட்டுமே. கடைசியில் அவன் பேசியது தன் தாய்மொழியில். அதன் பொருள் தமக்கு இன்றுவரை தெரியவில்லை என்பது இவருடைய தீராத மனக்குறை.

படை நாடு திரும்பியபோது என்ன நேர்ந்தது என்பது வரலாறு. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்று கூறி அன்றைய தமிழக முதலமைச்சர் வரவேற்புக்குச் செல்லவில்லை. அந்த முடிவின் அரசியல் நியாயத்தை ஆராய்வது நம் பணியன்று. உறவினர் மடிந்த செய்தியால் நெஞ்சு வெந்த மக்கள் அன்று தமிழகமெங்கும் இருந்தனர். ஆயினும், போரைத் தீர்மானித்தவர் வேறு; துப்பாக்கி ஏந்தியவர் வேறு. தீர்மானித்தவர்களிடம் கேட்கவேண்டிய கணக்கு, மாதச் சம்பளத்துக்குப் பணி செய்த இருபத்தைந்து வயது இளைஞனின் தலையில் விழுந்தது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது சீருடையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வந்ததாகவும், எங்கே பணி என்று கேட்டோரிடம் 'வடக்கே' என்று மட்டும் கூறியதாகவும் நம் பங்கு அன்பர் சொன்னார். இலங்கையில் போர் செய்தோம் என்று வடநாட்டுத் தோழர்கள் கூறினால் அங்கே யாருக்கும் அது எங்கென்று தெரியவில்லை. இவர் கூறினால் இங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றை இங்கே ஒப்பிடலாம். ஆஸ்திரேலிய நாடு வியட்நாம் போருக்கு 1962 முதல் ஏறத்தாழ அறுபதாயிரம் பேரை அனுப்பியது. அவர்களுள் பலர் தாமாக விரும்பிச் சென்றவர் அல்லர்; பிறந்த நாளைக் கொண்டு குலுக்கல் முறையில் இளைஞர்களைத் தேர்ந்து படையில் சேர்த்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். போர் மக்களின் வெறுப்புக்கு உரியதாயிற்று. முந்திய போர்களிலிருந்து மீண்ட தந்தையருக்கு வீதியில் வரவேற்பு அளித்த அந்நாடு, மகன்களைக் கண்டு முகம் திருப்பியது. வாயை மூடிக்கொண்டு தச்சுப் பட்டறைக்கும் பாற்பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் திரும்பிய அக்காலாட்படை வீரருள் பலர், இரவில் உறங்க முடியாமலும், குடியில் மூழ்கியும், மனைவி மக்களோடு ஒட்ட முடியாமலும் வருந்தினர். பதினைந்து ஆண்டுகள் சென்ற பின்பே அந்நாடு தன் கடனை உணர்ந்தது. 1987 அக்டோபர் 3 அன்று சிட்னி நகர வீதிகளில் ஏறத்தாழ 25,000 பேர் அணிவகுத்துச் செல்ல, இலட்சக்கணக்கானோர் திரண்டு நின்று காலந்தாழ்ந்த வரவேற்பை அளித்தனர். அந்நாளைக் கவனியுங்கள். அதற்குச் சரியாக ஒரு வாரத்தில் யாழ்ப்பாணத்தில் நம் வீரர்களின் போர் தொடங்கியது. ஒரு நாடு ஒரு பாடத்தைப் படித்து முடித்த வாரத்தில், மற்றொரு நாடு அதே பாடத்தின் முதல் பக்கத்தைத் திறந்தது!

ஒரு நாள் அணிவகுப்பால் எல்லாப் புண்ணும் ஆறிவிடவில்லை என்பதும் உண்மை. படைவீரரும் முன்னாள் படைவீரரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் அவலத்தை ஆராய அந்நாடு 2021-இல் ஓர் உயர்நிலை விசாரணை ஆணையத்தை அமைக்க நேர்ந்தது. 2024-இல் அதன் இறுதி அறிக்கை வெளிவந்தது. போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆனாலும், போருக்குச் சென்றவனுக்குள் அது முடிவதில்லை என்பதையே இது காட்டுகிறது.

நம் நாட்டிலும் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறல் தகாது. பதினைந்து ஆண்டுப் பணி முடித்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு. 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ என்னும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகத்தின் வாயிலாகப் பல்லாயிரவர் காவல் பணி பெற்றுள்ளனர். 2003 முதல் முன்னாள் வீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் தனி மருத்துவத் திட்டம் நடைபெறுகிறது. 2019 பிப்ரவரி 25 அன்று புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் இலங்கையில் மடிந்தோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கொழும்பை அடுத்தும் பலாலியிலும் அவர்களுக்கு நினைவிடங்கள் உள்ளன. எனினும், இவையனைத்தும் ஒன்று வயிற்றுக்கு உரியவை, அல்லது உடலுக்கு உரியவை, அல்லது இறந்தோர்க்கு உரியவை. உயிரோடு திரும்பியவனின் உள்ளத்துக்கு உரியது எங்கே உண்டு? அதனை அரசு அலுவலகத்தில் தேடுவதை விட, ஆலயத்தில் தேடுவதே பொருந்தும் என்று கருதுகிறோம்.

ஏனெனில் திருச்சபை இக்கேள்வியைத் தொடக்கம் முதலே அறிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக விளங்கிய புனித பசிலியார், போரில் பகைவரைக் கொன்றவனைக் கொலைகாரனாகக் கருதலாகாது என்று முன்னோர் கூறியதை ஏற்றார். ஆயினும் அத்தகையோர் மூன்றாண்டுகள் நற்கருணை உட்கொள்ளாதிருத்தல் நலம் என அறிவுரை கூறினார். நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால் அதில் ஒரு தாயின் அறிவு புலப்படும். நியாயமான போரேயாயினும், அதிலிருந்து மீண்டவன் ஏதோ ஒன்றைச் சுமந்து வருகிறான். அதனை இறக்கி வைக்கக் காலம் வேண்டும். அக்காலம் முழுவதும் சமூகம் அவனோடு காத்திருந்து, இறுதியில் அவன் கைபற்றித் திருப்பந்திக்கு அழைத்து வரவேண்டும். குற்றவாளி என்று அவனை விலக்கவும் இல்லை. ஒன்றுமே நடவாததுபோல் கைகுலுக்கவும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியையே நாம் இழந்துவிட்டோம்.

நாம் மேலே குறித்த அன்பர் நெடுங்காலம் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்து, கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, நற்கருணை வாங்காமலே சென்றுகொண்டிருந்தார். யாரும் விதிக்காத தவத்தைத் தாமே விதித்துக்கொண்டார் போலும்; ஆனால் அதற்கு முடிவு நாள் குறிக்க அவருக்கு உரிமையில்லை. மூன்றாண்டு முப்பதாண்டாயிற்று. ஒரு மாலை நாம் அவரிடம் ஒன்றை நினைவூட்டினோம். நற்கருணை வாங்குமுன் குருவும் மக்களும் சேர்ந்து, தாம் தகுதியற்றவர் என்று கூறி, ஒரு சொல் போதும் என வேண்டுகிறோமே, அம்மன்றாட்டு யாருடையது? அது திருத்தூதர் சொன்னதன்று, துறவி சொன்னதன்று. அயல்நாட்டில், அந்நாட்டு மக்கள் விரும்பாத ஒரு படையில் பணிபுரிந்த நூற்றுவர் தலைவன் சொன்னது. ஆண்டவர் அவனுடைய நம்பிக்கையைக் கண்டு வியந்தார் என்று நற்செய்தி கூறுகிறது. உலகமெங்கும் ஒவ்வொரு திருப்பலியிலும் பாப்பிறை முதல் பாலகன் வரை அனைவரும் ஒரு படைவீரனின் சொற்களைச் சொல்லியே திருப்பந்தியை அணுகுகிறோம். அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை. ஒப்புரவுக்கு வரச் சில திங்கள் ஆயின. அவசரப்படுத்தவில்லை.

இங்கு மற்றொரு செய்தியையும் கூறாமல் விட்டால் பாதி உண்மையைக் கூறியவராவோம். நம் பகுதியில் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. 1983-க்குப் பின் அலை அலையாக வந்து முகாம்களில் வாழ்ந்தோர் அவர்கள். அம்முகாம்களுக்கு 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது. 1990-இல் படைவீரனைக் கண்டு முகம் திருப்பிய தமிழகம், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின், ஏதுமறியாத அகதியையும் ஐயத்தோடு நோக்கியது. துப்பாக்கியின் இருபுறமும் நின்றவர்களை ஒருவர்பின் ஒருவராக நாம் ஒதுக்கினோம். இன்று அவ்விரு சாராரும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகின்றனர்.

ஓர் அன்பியக் கூட்டத்தில் நம் அன்பர் முதல் முறையாக வாய் திறந்து, தாம் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியதைச் சொன்னார். அங்கே அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் 1987-இல் அந்நகரில் பள்ளி மாணவியாக இருந்தவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணை, எந்தச் சந்தியில நிண்டனீங்கள்?" இவர் சொன்னார். "அதால தான் நாங்கள் பள்ளிக்கூடம் போறது" என்றார் அப்பெண்மணி. வேறொன்றும் பேசவில்லை. அன்று கண்ணீரும் இல்லை; கட்டித்தழுவலும் இல்லை. மன்னிப்பைக் கேட்டு வாங்கித் தரும் உரிமை நமக்கில்லை. இழந்தவர்களுக்கே அவ்வுரிமை உண்டு. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு இருவரும் வந்திருந்தனர். ஒரு பங்கு செய்யக்கூடியது இதுவே: இருவரும் வந்து அமரக்கூடிய ஓர் இடத்தைத் திறந்து வைத்தல்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டில், படைப்பணி புரிவோர் தம்மை மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் ஊழியராகக் கருதவேண்டும் என்று கற்பிக்கிறது. அதே பகுதியில், குற்றமான கட்டளைக்குக் கண்மூடிக் கீழ்ப்படிந்தேன் என்பது சாக்காகாது என்றும் உறுதியாகக் கூறுகிறது. வீரனை மதிப்பதும் போரைக் கண்டிப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பது இதனால் விளங்கும். அவ்வேடு வெளியிடப்பட்ட நாள் 1965 டிசம்பர் 7. நம் நாட்டில் 1949 முதல் டிசம்பர் 7-ஆம் நாளே படைவீரர் கொடி நாளாக அனுசரிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே நாளில் அமைந்தது நமக்கு ஒரு நல்ல நினைவூட்டல்.

எனவே, அன்பர்களே, கொடி நாளுக்குச் சட்டையில் ஒரு சிறு கொடியைக் குத்திக்கொள்வதோடு நின்றுவிட வேண்டாம். நம் பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உள.

முதலாவது, கேளுங்கள். வீட்டில் பட்டாளத்துப் பெரியவர் ஒருவர் இருந்தால், கேன்டீனில் என்ன மலிவாகக் கிடைக்கும் என்று மட்டும் கேளாமல், எங்கே பணி செய்தீர்கள், உடனிருந்தவர்கள் யார், இப்போது யாரை நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் குழந்தைகளைக் கேட்க விடாதீர்கள். அவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மறுபடி தொடங்கினால் எழுந்து போகாதீர்கள்.

இரண்டாவது, அவர் குடியைக் கண்டு நகைப்பதை விடுங்கள். மிலிட்டரி சரக்கு என்று விளையாட்டாகப் பேசும் பேச்சின் பின்னே, தூக்கமில்லாத இரவுகள் எத்தனையோ மறைந்துள்ளன. கணவர் நள்ளிரவில் அலறி எழுவதையும், பட்டாசுச் சத்தத்தில் சுவரோரம் ஒதுங்குவதையும் மனைவியர் வெட்கத்தால் மறைக்கின்றனர். அது பைத்தியமும் அன்று, பேயும் அன்று. மருத்துவம் உள்ள நோய். செபத்தோடு மருத்துவரையும் நாடுங்கள்.

மூன்றாவது, தாள்களைச் சரிபாருங்கள். திருமுழுக்கில் ஒரு பெயரும், பட்டாளப் பதிவில் வேறொரு பெயருமாக உள்ளவர் நம்மிடையே பலர். அவர் மறைந்த பின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையும் கைம்பெண், தன் கணவரும் பட்டாளத்து ஆவணத்தில் உள்ளவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியவளாகிறாள். அவர் உயிரோடு உள்ளபோதே டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அவற்றில் சரியாக உள்ளனவா என்று காணுங்கள். பங்குப் பதிவேட்டிலிருந்து திருமுழுக்குச் சான்றோ திருமணச் சான்றோ வேண்டுமாயின் எந்நேரமும் வாருங்கள். பிழைகளைத் திருத்துவதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும்.

நான்காவது, இம்மாதம் மரித்தோருக்காக வேண்டும்போது, இலங்கை மண்ணில் மடிந்த நம் வீரர்களையும், அவர்கள் காலத்தில் அங்கே மடிந்த பொதுமக்களையும் ஒரே மன்றாட்டில் சேர்த்துச் சொல்லுங்கள். இருவரையும் பிரித்து மன்றாட நமக்குக் கற்பிக்கப்படவில்லை.

நவம்பர் 11 தூர் நகரப் புனித மார்ட்டினின் திருநாள். உரோமைப் படையில் பணிபுரிந்தபோது, குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தம் மேலங்கியைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தவர் அவர். பின்னர் படையைத் துறந்து, துறவியாகி, ஆயராக உயர்ந்தார். 1918-இல் முதல் உலகப் போர் ஓய்ந்ததும் அவர் திருநாளன்றுதான். அவருடைய பாதி மேலங்கியை மக்கள் நினைவுப் பொருளாகப் போற்றிக் காத்தனர். இலத்தீனில் அம்மேலங்கியின் பெயரால் அதனை வைத்த இடம் அழைக்கப்பட்டது. சிற்றாலயங்களை 'சேப்பல்' என்று வழங்கும் சொல் அதிலிருந்தே பிறந்தது. நாம் செபிக்கச் செல்லும் சிறு கோயில் ஒவ்வொன்றும் ஒரு படைவீரனின் கிழிந்த மேலங்கியால் பெயர் பெற்றது என்றால், அங்கே கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் படைவீரனுக்கு இடமில்லாமல் போகுமா?

இவ்வாண்டு கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீடு திரும்பும்போது, வழியில் அப்படிப்பட்ட ஒருவருடைய வீடு இருந்தால், சற்று உள்ளே சென்று அமருங்கள்.